சட்டையில் குத்திய அப்பா பெயர்

ஓட்டல் ரிசப்ஷனில் நிற்கிறவனுக்கு, ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும்போது காலைவிடக் கன்னம்தான் அதிகமாக வலிக்கும். சிரித்துச் சிரித்து வருகிற வலி அது. துணிக்கடை, மருந்துக்கடை, வங்கி, விமான நிலையம் என்று எங்கெல்லாம் சட்டையில் பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு நிற்கச் சொல்கிறார்களோ, அங்கெல்லாம் நின்று பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர்கள் நம்மைப் பெயர் சொல்லித் திட்ட வசதியாக, நாமே அதை எழுதிக் குத்திக்கொண்டு போய் நிற்கிறோம்.

உங்களுக்காவது உங்கள் சொந்தப் பெயர். மைசூரில் அரண்மனை பார்க்க வருகிறவர்கள் தங்கும் நடுத்தர ஓட்டல் ஒன்றில் நான் குத்திக்கொண்டு நின்றது என் அப்பாவின் பெயரை. அவர் அதை அதிகம் பயன்படுத்தியவரில்லை. பயன்படுத்த யாரும் விட்டதில்லை என்பதுதான் சரி. பிள்ளை நான் எடுத்துக்கொண்டேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்கு அது ஒருநாளாவது முழுசாகக் கிடைத்ததா என்பதுதான் இன்றுவரை என் மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது.

காலியாக விடக் கூடாத கட்டம்

என் பெயர் மணிகண்டன். ஹனூருக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் பிறந்தவன். கர்நாடகத்து மண், வீட்டுப் பேச்சு தமிழ். நம் வீடுகளில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம், அத்தோடு சரி. பள்ளிக்கூடம் முழுக்க நான் ஆர். மணிகண்டன். வேலைக்குச் சேர்ந்த அன்று பணியாளர் பிரிவு ஷில்பா மேடம் கம்ப்யூட்டரில் என் விவரங்களை ஏற்றினார். முதல் பெயர் ஆயிற்று. அடுத்த கட்டம் குடும்பப் பெயர். ஒற்றை எழுத்தைப் போட்டால் கட்டம் சிவப்பாகி அடம் பிடித்தது. ஆர் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். மேடம் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

அப்பாவின் பெயர் ரூஸ்வெல்ட். தாத்தா பட்டாளத்தில் லாரி ஓட்டி, பர்மா பக்கம் போய், உயிரோடு திரும்பியவர். அங்கே பசியில் கிடந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த டப்பாச் சாப்பாடு கிடைத்திருக்கிறது. யார் அனுப்பியது என்று இவர் கேட்க, யாரோ ஒரு அதிகாரி ரூஸ்வெல்ட் என்று சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்து, கல்யாணமாகி, ரொம்ப காலம் கழித்துப் பிறந்த மகனுக்குச் சோறு போட்டவர் பெயரையே வைத்துவிட்டார் தாத்தா. அது அமெரிக்காவில் இரண்டு ஜனாதிபதிகளுக்கு இருந்த குடும்பப் பெயர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஊர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. பிள்ளைப் பருவத்திலேயே அப்பா 'ராசு' ஆகிவிட்டார். ரேஷன் கார்டில் மட்டும் முழுப் பெயர் இருந்தது.

எங்கள் ஓட்டலில் குடும்பப் பெயரைத்தான் சட்டையில் குத்த வேண்டும். அதுதான் மரியாதையாம். இப்படியாக, அமெரிக்காவில் குடும்பப் பெயராக இருந்தது ஹனூரில் ஓர் ஆளின் பெயராகி, என்னிடம் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, மைசூருக்கு வந்ததும் மறுபடி குடும்பப் பெயராக நிமிர்ந்து உட்கார்ந்தது. பித்தளை நிறப் பட்டையை என்னிடம் நீட்டி, ஷில்பா மேடம் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"இஷ்டு ஒள்ளே, இத்தனை நல்ல பேரை வீட்டுல வெச்சுட்டு, மணி மணின்னு ஏன்ப்பா சுத்தறே?"

சோளம் போடுகிறவர்

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். கோபப்படுவாரோ என்று ஒரு பயம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "முழுசா எழுதியிருக்காங்களா?" முழுசாக எழுதியிருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் என்றேன்.  பிறகு மழை வந்ததைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

அமெரிக்காக்காரர்கள் வந்துவிட்டால் எனக்குத் திண்டாட்டம்தான். பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள், நெஞ்சைப் பார்ப்பார்கள், உடனே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிவார்கள். ரெண்டு பேரில் எந்த ரூஸ்வெல்ட்டுக்குச் சொந்தம் என்று கேட்காதவர் குறைவு. ஆரம்பத்தில் பர்மாவிலிருந்து தொடங்கி விளக்கிப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டு, மேனேஜர் தொண்டையைச் செருமினார். அப்புறம் சிரித்து வைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வயதான அம்மாள் மட்டும் விடவில்லை. சாமுண்டி மலைக்குப் போய்விட்டு வந்து, வலித்த காலைப் பிடித்துவிட்டபடி ரிசப்ஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். சரி, அந்த ஒரிஜினல் ரூஸ்வெல்ட், உங்கள் அப்பா, இப்போது என்ன செய்கிறார் என்றார். மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் கடன் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் அறையைக் காலி செய்யும்போது என் கையைக் குலுக்கி அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்:

"எங்க ஊர்ல அந்தப் பேர்ல பள்ளிக்கூடம் இருக்கு, ரோடு இருக்கு, பார்க் இருக்கு. சோளம் போடற ரூஸ்வெல்ட்டை இப்பத்தான் கேள்விப்படறேன். அவர்கிட்ட நான் விசாரிச்சதா சொல்லு."

பேராவது வந்ததே

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு போதகர். மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய களைப்பில் இருந்தவர் என் பட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். தமிழ்தானே என்றார். ஆமாம் என்றேன். எந்தச் சபை என்றார்.

காலையில் பூசின விபூதியை ஓட்டல் விதிப்படி அழித்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் குலசாமி மாரியம்மன், நான் சபரிமலைக்கு மாலை போடுகிறவன் என்பதை எந்த வார்த்தையில் சொன்னால் அந்த முகம் வாடாது என்று யோசித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் அசரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, என் தோளில் கை வைத்து, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"பரவாயில்ல தம்பி. பேராவது வந்து சேர்ந்துச்சே."

பத்திரிகையில் போட வேண்டுமே

போதகரைச் சொல்லிச் சிரித்த எனக்கு அதே பெயரால் ஒரு சம்பந்தம் கைநழுவியது. குண்டலுபேட்டையில் பூ வியாபாரம் செய்கிற குடும்பம். எங்கள் ஆட்கள்தான். ஜாதகம் பொருந்தியிருந்தது. நான் தங்கியிருந்தது மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறை. அங்கே பெண்ணின் மாமா ஒருவர் சத்தமில்லாமல் வந்து, கீழே மளிகைக் கடையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். அதில் குறையில்லை. அங்கிருந்து ஓட்டலுக்கும் வந்து, விருந்தாளி போல ஒரு காபி குடித்துவிட்டு, என் சட்டையைப் பார்த்திருக்கிறார். அத்தோடு பேச்சு நின்றுபோனது.

தரகர்தான் பிறகு விஷயத்தை உடைத்துச் சொன்னார். பையன் மதம் மாறிவிட்டானோ என்று சந்தேகமாம். அது அப்பா பெயர் என்று விளக்கியதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டதாம், கல்யாணப் பத்திரிகையில் அதை எப்படிப் போடுவது என்றார்களாம். அப்பா இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ராசுன்னே பத்திரிகையில போட்டுக்கச் சொல்லுங்க. எனக்கென்னங்க, கூப்புடறதும் அதானுங்களே" என்றார். பெற்ற தகப்பன் மகன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. வேண்டாம், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நான் எழுந்துவிட்டேன். தரகருக்கு என் மேல் எரிச்சல். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அப்பனுக்கே இல்லாத ரோசம் உனக்கு எதுக்குப்பா? பேரு என்ன, சோறா போடப்போவுது?"

சோபாவிலிருந்து எழுந்தவர்

அப்பா ஓட்டலுக்கு வந்தது ஒரே ஒரு முறை. மைசூரில் விதை வாங்க வந்தவர், அவரைக்காய் ஒரு பை நிறையக் கொண்டுவந்து லாபி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். வேட்டி, தோளில் துண்டு. பெட்டி தூக்கும் ஆட்களுக்குத் தலைவர் சிவண்ணா அவருக்கு டீ கொடுத்து, "நிம்ம மகன் இங்கே பெரிய ஆளு, எல்லாரும் அவரைத்தான் கூப்பிடறது" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் என் புகழ் பாடினார். அது உண்மைதான் என்று காட்டுகிற மாதிரி வடக்கத்தி விருந்தாளி ஒருவர், "மிஸ்டர் ரூஸ்வெல்ட்!" என்று கூப்பிட்டார்.

அப்பா சட்டென்று எழுந்து நின்றார். பிறகு நான் போவதைப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு உட்கார்ந்தார். அடுத்தவர் கூப்பிட்டார். மறுபடி எழுந்தார். ராசு என்று கூப்பிடக் கேட்டே பழகிய மனிதர் தன் முழுப் பெயரை இத்தனை பேர், இத்தனை சத்தமாகச் சொல்லி அன்றுதான் கேட்கிறார். உட்காரவே முடியவில்லை அவரால். டீ ஆறிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சிவண்ணாவும் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் மாடியிலிருந்து ஒரு ஆள் கொதித்துப்போய் இறங்கி வந்தார். அறையில் வெந்நீர் வரவில்லை. என் பட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லிச் சொல்லித் திட்டினார். "என்ன ரூஸ்வெல்ட், காது கேக்காதா? ரூஸ்வெல்ட், உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?" நமக்கு இதெல்லாம் பழக்கம், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம். அப்பாவுக்குப் பழக்கமில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை கூப்பியபடி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "தப்பு நடந்துபோச்சுங்க சாமி, பொறுத்துக்கோணும்" என்றார். இவர்தான் ரூஸ்வெல்ட், நான் அவருடைய மகன் என்று ஒரு வாக்கியம் எனக்கு வாயில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ஆள் அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் ரூஸ்வெல்ட்கிட்ட பேசிட்டிருக்கேன். நீ யாரு?"

அம்மாவின் போன்

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டாள். ராசு என்றும் சொல்லமாட்டாள், முழுப் பெயரையும் சொல்லமாட்டாள். அவளுக்கு அவர் "ஏனுங்க". அடுத்தவர்களிடம் பேசும்போது "மணி அப்பா". புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் நம்பிக்கை. ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது சொல்லச் சொல்லிவிட்டு, தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார், சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தவன்தான்.

வேலை நேரத்தில் எங்கள் செல்போன்களை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அம்மாவுக்கு நீளமான எண்களைப் பார்த்துப் போட வராது. அதனால் வீட்டுப் போனில் ஒன்றை அழுத்தினால் நான், இரண்டை அழுத்தினால் ஓட்டல் என்று வைத்துக் கொடுத்திருந்தேன். அவளுக்குக் காது மந்தம் என்பதால் அந்தப் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான்.

விருந்தாளிகள் அறையைக் காலி செய்கிற நெரிசலான வேளை. அங்கே தோட்டத்து வீட்டில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. அம்மா ஒன்றை அழுத்திப் பார்த்தாள். லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டை அழுத்தினாள். ஆபரேட்டர் சந்திரகலா புதிதாக வந்த பெண். எங்களைச் சட்டைப் பெயரால் மட்டுமே தெரியும். அம்மா மணியைக் கேட்டாள். சந்திரகலா சமையலறைக்கு இணைப்புக் கொடுத்தாள். அங்கே காய் நறுக்குகிற மணி ஒருவர் உண்டு, கேரளக்காரர். அவர் பேசியது அம்மாவுக்குப் புரியவில்லை, அம்மா பேசியது அவருக்குப் புரியவில்லை. மறுபடி இரண்டு. மணிகண்டன் என்றாள். ரிசப்ஷனில் அப்படி யாரும் இல்லையம்மா என்றாள் சந்திரகலா. கர்நாடகத்தில் பிறந்த அம்மாவுக்குக் கன்னடத்தில் விளக்கத் தெரியாமலில்லை. அத்தனையும் விளக்கினாள். உயரமாக இருப்பான், மாநிறம், ஹனூர்ப் பையன், நெற்றியில் ஒரு வடு. எல்லாம் சொல்லியும் ஒன்று மட்டும் வாயில் வரவில்லை. சந்திரகலா கடைசியாகக் கேட்டாள்: அவர் சட்டையில் என்ன பெயர் இருக்கும், அதைச் சொல்லுங்கள், உடனே கூப்பிடுகிறேன்.

அம்மாவுக்குத் தெரியும். அவளுடைய மகன் யார் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஜாடையாகச் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவள்தான். பக்கத்துக் கட்டிலில் அவர் வலியில் முனகிக்கொண்டிருக்கிறார். சொன்னால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார் என்கிற நிலையில் நின்றாள். சொன்னாள்.

அடுத்த நிமிஷம் நான் போனில் இருந்தேன். ஹனூரில் ஜீப் வைத்திருக்கிற நண்பனைக் கூப்பிட்டேன், அவன் பறந்து போனான். கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டு மைசூருக்கு அனுப்பினார்கள். நான் மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, ஆபரேட்டர் அறை வாசலில் சந்திரகலா நின்றிருந்தாள். அவளுக்கு நடந்தது பாதிதான் புரிந்திருந்தது.

"சார், மகன் பேரைச் சொல்றதுக்கு உங்க அம்மா ஏன் சார் அப்படி அழுதாங்க?"

வார்டில் கூப்பிட்ட பெயர்

கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். குற்றமாகச் சொல்லவில்லை, எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். ஆனாலும் அந்தக் 'கொஞ்சம்' எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மகனைத் தேடி ஓட்டலின் சமையலறைக்கும் ரிசப்ஷனுக்கும் நடுவில் போனது அது.

அப்பா சில நாட்கள் நினைவோடு இருந்தார். ஊசி போட வருகிற நர்ஸ், ரத்தம் எடுக்க வருகிற ஆள், கஞ்சி கொண்டுவருகிற அம்மாள் எல்லோரும் கட்டில் கட்டிலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ரூஸ்வெல்ட் யாரு?" என்று சத்தம் கேட்டதும் பக்கத்துக் கட்டில்காரர்கள் வெள்ளைக்காரனைத் தேடுவார்கள். அப்பா மெதுவாகக் கையைத் தூக்குவார். அவருக்கு அது பிடித்திருந்தது. முதல் நாள் கூப்பிட்டதும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், உங்களைத்தான் அப்பா என்றேன். சட்டையில் இருந்த பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. கோபமில்லை, குறை சொல்கிற தொனியும் இல்லை. கட்டிலில் கிடந்தபடி ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கேட்டதை என்னிடம் சொல்லாமல் போக மனமில்லை, அவ்வளவுதான்.

"இத்தன காலத்துல ஒருக்கா எம்பேரை வாய்விட்டுச் சொன்னா உங்கம்மா. அதுவும் உன்னையக் கூப்புடறதுக்கு."

திரும்பி வந்த பிறகு

அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பினேன். மொட்டையை மறைக்க ஓட்டலில் ஒரு தொப்பி கொடுத்தார்கள். அடிக்கடி வந்து தங்குகிற ஒரு கம்பெனிக்காரர் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். பாவம், அவர் என்னத்தைக் கண்டார்?

"என்ன ரூஸ்வெல்ட், ஆளையே காணோம்! லீவு நல்லா போச்சா?"

நன்றாகப் போயிற்று சார் என்று சிரித்தேன். அந்த வாரமே ஷில்பா மேடத்திடம் போய், சட்டைப் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். இப்போது மணிகண்டன் என்று குத்திக்கொண்டு நிற்கிறேன். இந்தப் பெயர் யாருக்கும் எதையும் நினைவுபடுத்துவதில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா யாரிடமும் பேசாமல் இருந்தாள். சொந்தக்காரர்கள் துக்கம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும். போனில் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். என்னிடமே ஒருநாள் சொன்னாள்: "நான் வாய்விட்டிருக்கக் கூடாது கண்ணு." டாக்டர் சொன்னது, ரத்தக் குழாய் அடைப்பு என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். காதில் ஏறவில்லை. கடைசியில், அப்பா வார்டில் என்னிடம் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். வேதனைப்படுவாளோ என்று பயந்துதான் அதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் எப்படிச் சொன்னார், சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுந்து போய் அவருடைய காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"காதுல விழுந்து சந்தோசப்பட்டாருன்னு தெரிஞ்சிருந்தா, பக்கத்துல போய் இன்னொருக்காச் சொல்லியிருப்பனே."

அமெரிக்காவில் இரண்டு ஜனாதிபதிகளுக்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்த ஒரு பெயர், எங்கள் வீட்டில் ஒரு அப்பனுக்கும் மகனுக்கும் பற்றாமல் போய்விட்டது.